துண்டுக்குள் நடந்ததை மாடு பார்த்துவிட்டது

போன மாதம் ஓசூரில், படம் போட்டுக் கதை சொல்லும் பிள்ளைகள் ஒரு கூட்டம் நடத்தினார்கள். எல்லோரும் கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள். சொந்தமாகப் புத்தகம் போட்ட பழைய ஆள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். மைக் முன்னால் நின்றேன். வணக்கம் சொன்னேன். மேசை மேல் யாருக்கோ வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை மொத்தமாகக் குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கைதட்டல் பலமாகவே இருந்தது. அன்றைக்குப் பேசியவர்களில் குறித்த நேரத்தில் முடித்தது நான் மட்டும்தானாம்.

இரண்டு நாள் கழித்து, கூட்டத்தை நடத்திய பெண் போன் செய்தாள். "சார், உங்க புத்தகத்த யாராச்சும் தடை பண்ணச் சொல்லியிருக்காங்களா? அத மட்டுமாவது எழுதிக் குடுங்க. எங்க இதழ்ல போடறோம்" என்றாள். போனில் "உம்" என்றேன். அந்த "உம்" தான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, சிங்காரப்பேட்டைப் பக்கம். பிறகு ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். சில வருடத்தில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஆனேன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் பிரஸ் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று சிலர் ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள்.

சுவரில் இங்கிலீஷில் பாதுகாப்பு போஸ்டர் இருந்தது. எங்கள் வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் பேசுவார்கள். அந்த போஸ்டரை மட்டும் யாரும் படிக்கமாட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ் மூடியின் மேல் சாக்பீஸால் ஒரு படம் போட்டேன். ஒரு கை டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அதன் விரல் ஒன்று மட்டும் பிரஸ் மேல் உட்கார்ந்து டாட்டா காட்டுகிறது. எழுத்து ஒன்றும் இல்லை.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். அவர் கோபப்பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார். "யார் வரைஞ்சது?" என்றார். எல்லோரும் டிபன் பாக்ஸுக்குள் குனிந்துகொண்டோம். "அந்த ஆளு அடுத்த மெஷின்லயும் ஒண்ணு வரையட்டும்" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் குச்சிகள் காணாமல் போயின. பிரஸ் ஷாப்பில் அத்தனை காலம் வேலை பார்த்து, பத்து விரலோடு வெளியே வந்தவன் நான். அதில்தான் எனக்குக் கர்வம். படத்தில் கர்வம் வந்தது பிறகுதான்.

அங்கேதான் கைகளை வரையப் பழகினேன். முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம் என்பதால் சின்ன வயதிலிருந்தே எதிராளியின் கையைப் பார்த்துதான் பேசுவேன். வாரலீவில் உட்கார்ந்து வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, பின் அடித்து, டீக்கடைகளில் வைப்பேன். சந்தை நாளில் குந்தாரப்பள்ளிக்குப் போய் கயிறும் மணியும் விற்கிறவர்கள் பக்கத்தில் பரப்புவேன். அட்டையில் பெயர் போடவும் கூச்சம். 'கைநாட்டு' என்று புனைபெயர் வைத்துக்கொண்டேன். படிப்புக்கும் பொருந்தியது, படங்களுக்கும் பொருந்தியது.

கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டியிருந்தேன். அதன் பிறகுதான் ஒரு புத்தகத்தை முறையாக அச்சடித்தேன். பெயர் 'லட்சுமி பார்த்த சந்தை'. வம்பு அதில்தான் வந்தது.

மாட்டுச் சந்தையில் வாயால் விலை பேசமாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தரகர் தோளில் இருக்கும் துண்டை எடுத்து, விற்கிறவர் கைமேல் போட்டு, துண்டுக்குள் அவர் விரல்களைப் பிடித்து அழுத்துவார். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை ஆயிரம், இப்படி அழுத்தினால் அரை என்று கணக்கு. பிறகு வாங்குகிறவரிடம் போய் அதே துண்டு, அதே பிடி. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் வியாபாரம் முடிகிற இடம் எனக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கதையில் விலைபோகிற மாடு லட்சுமி. மனிதர்கள் எல்லோரும் துண்டை மேலிருந்து பார்க்கிறார்கள். லட்சுமி குனிந்து தவிடு தின்றுகொண்டு கீழேயிருந்து பார்க்கிறாள். அவளுக்கு எல்லா விரலும் தெரிகிறது. ஒன்பதாம் பக்கத்தில் தரகர் விற்கிறவரிடம் ஒரு விலையும் வாங்குகிறவரிடம் வேறு விலையும் அழுத்துகிறார். லட்சுமி இரண்டையும் பார்த்துவிட்டு அசைபோடுகிறாள். அவ்வளவுதான் கதை. எந்தச் சந்தை என்று எங்கேயும் போடவில்லை. அதனால் எல்லாச் சந்தைத் தரகர்களும் தங்கள் சந்தை என்றே முடிவு செய்துகொண்டார்கள்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கு இரண்டு பிரதி நன்கொடையாகக் கொடுத்தேன். நூலகர் மும்தாஜ் மேடம். மெதுவாகப் பேசுவார். யாருக்கும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஆகட்டுங்க, எழுதிக் குடுங்க" என்பதுதான் அவர் வாயில் வரும் பெரிய வார்த்தை. என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பதிவேட்டில் ஏற்றி, நூலக முத்திரை குத்தி, எண் போட்டு, சித்திரக்கதைத் தட்டில் வைத்தார். கைநாட்டு யார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

யாரோ ஒன்பதாம் பக்கத்தை, நூலக முத்திரையோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். சந்தையில் விவசாயிகள் துண்டைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் மூன்று தரகர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் கிருஷ்ணப்பா. பெரிய மீசை, சலவை வேட்டி, தோளில் அந்தத் துண்டு. பின்னால் மாதையன், கர்நாடகப் பக்கத்துச் சந்தைகளுக்குப் போகிற பாஷா. நான் வழக்கம்போலப் பத்திரிகை மேசையில் இருந்தேன்.

"மேடம், அந்த மாட்டு பொஸ்தகத்த இங்கருந்து எடுத்துடணும்" என்றார் கிருஷ்ணப்பா.

"உக்காருங்கண்ணா. படிச்சீங்களா?"

"படிக்கல. போன்ல ஒரு பக்கம் வந்துச்சி. அதுவே போதும்."

"ஆகட்டுங்க, எழுதிக் குடுங்க. பக்க எண், என்ன படம், என்ன ஆட்சேபம், மூணும் வேணும். படிக்காம எழுத முடியாது பாருங்க."

"சரி, குடுங்க. இப்பவே படிச்சிட்றேன்."

"ரெண்டு பிரதியும் வெளிய போயிருக்குங்க. முன்பதிவு பண்ணா வந்ததும் சொல்றோம். உறுப்பினரா நீங்க?"

அவர் உறுப்பினர் இல்லை. மூன்று பேரும் உறுப்பினர் ஆனார்கள். பாஷா, தான் கர்நாடகத்துக்காரன், சேரலாமா என்று கவலையோடு கேட்டார். அவர் வேலை பார்க்கும் இந்தப் பக்கத்து முகவரிக்கு அத்தாட்சி வாங்கிச் சேர்த்துக்கொண்டார் மேடம். படிவம் நிரப்பி முடித்த கிருஷ்ணப்பா நேராக என் மேசைக்கு வந்தார். நான் ஒரு கன்னடப் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.

"ஏன் சாமி, நீங்க தெனமும் இங்க வர்ற ஆளு மாதிரி தெரியுது. அந்தக் கைநாட்டு பொஸ்தகம் எப்பிடி?"

"கேள்விப்பட்டதே இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. கிருஷ்ணப்பாவுக்கு வேண்டிய அரசியல்காரர் ஒருவர் பேசினார். பிறகு மேலிடத்திலிருந்தே பேசினார்கள். அந்த உரையாடல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேடம் எழுந்து நின்று பேசுவார். "சரிங்க சார். எடுத்துட்றேன் சார். ஆர்டர் அனுப்புங்க சார், உடனே எடுத்துட்றேன்." அந்தப் பக்கம் ஏதோ கத்தல். "வாய்மொழியா எடுத்தா ஆடிட்ல கேப்பாங்க சார். ஒரே ஒரு வரி எழுத்துல போதும் சார்." போனை வைத்துவிட்டு உட்காருவார். அந்த ஒரு வரி வரவே இல்லை. ஒரு மாட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஆனால் வேறு ஒன்று வரலாம் என்று பேச்சு அடிபட்டது. மேடத்தை அஞ்செட்டிப் பக்கம் மலைக்கு மாற்றப்போகிறார்களாம். அவர் மகள் அப்போது பிளஸ் டூ. ஒருநாள் நூலகம் திறந்ததும் போய் நின்றேன்.

"மேடம், என் புத்தகத்த நானே எடுத்துட்டுப் போயிட்றேன். கொடுத்தவன் திருப்பி வாங்கிக்கிட்டான்னு சொல்லிடுங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"ஆகட்டுங்கண்ணா, எழுதிக் குடுங்க" என்பார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அந்த இன்னொரு வார்த்தையைக் கேட்டேன்.

"முடியாது."

"என் புத்தகம்தானே மேடம்?"

"முத்திரை குத்துறவரைக்கும் உங்களுது. இப்ப இது படிக்கிறவங்களுது. நாலு பேரு முன்பதிவு பண்ணிக் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு என்னா பதில் சொல்வீங்க?" குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "இன்னைக்கு மாட்டுப் புத்தகம். நீங்க நல்ல மனுஷன், வெக்கப்பட்டுக்கிட்டு எடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு ஒருத்தர் சரித்திரப் புத்தகம் வேணாம்பார். இன்னொருத்தர் பொம்பளைங்க உடம்பப் பத்தின மருத்துவப் புத்தகத்தை எடும்பார். அதயெல்லாம் எழுதினவங்க வந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போனா, அப்புறம் நான் வெறும் தட்டுக்கா தூசி தட்டணும்? போய் உங்க எடத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அன்று பத்திரிகை ஒன்றும் மனதில் ஏறவில்லை.

கிருஷ்ணப்பாவின் முறை வந்தது. மூன்று பேரும் வந்து நடு மேசையில் உட்கார்ந்தார்கள். மேடம் புத்தகத்தையும், புகார் எழுத ஒரு வெள்ளைத்தாளையும் கொண்டுவந்து வைத்தார். கிருஷ்ணப்பா எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்ட, மேடம் இருமினார். எச்சில் நின்றது. அவர் நிதானமாகப் படித்தார். ஏழாம் பக்கத்தில் முகம் சிவந்தது.

"யோவ் மாதையா, இதப் பாரு. அரைக்கு கட்ட வெரல மடக்கறானாம்! எவன்யா இவனுக்குச் சொன்னது? அரைன்னா சுண்டு வெரலு நுனி!"

"அதானே" என்றார் மாதையன்.

"நுனி உங்க பக்கத்துல" என்றார் பாஷா. "எங்க பக்கம் கணு. நுனின்னா கால்."

"கணு எப்பிடி பாய் அரை ஆவும்? இத்தன வருசமா எங்கிட்ட கணுவப் புடிச்சி அழுத்துனியே, அதெல்லாம் அரையா? நான் காலுன்னு இல்ல நெனச்சேன்!"

"அதான் கேட்டப்பல்லாம் கொறச்சலா சொல்றியேன்னு எனக்கும் கஷ்டமா இருந்துச்சி."

மூவரும் கையை நீட்டிவிட்டார்கள். துண்டு தோளிலேயே இருந்தது. ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, இது ஆயிரம், இது ஐநூறு, இது பத்து என்று உரக்கச் சொல்லி அழுத்திக் காட்டினார்கள். பத்திரிகை படிக்கிறவர்கள் பத்திரிகையை இறக்கினார்கள். பாரூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்து, வெயிலுக்கு ஒதுங்கியிருந்த விவசாயி ஒருவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் குறிப்பெடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் பார்த்துப் பார்த்து வரைந்ததில் பாதி தப்பு என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது. தரகர்களிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

"அண்ணா, அமைதி" என்றார் மேடம்.

கிருஷ்ணப்பா சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மெதுவாக அதைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"தப்புத்தப்பா போட்டிருக்கான்னு எழுதறேன் மேடம்."

"எழுதுங்கண்ணா. தப்புன்னா சரியானது எதுன்னும் எழுதணுங்க. இல்லாட்டி மேல இருக்கறவங்க எப்பிடி முடிவு பண்ணுவாங்க?"

பேனா நின்றது. "சரியாத்தான் போட்டிருக்கான், அதான் ஆட்சேபம்னு எழுதினா?"

"எழுதலாம். அப்ப ஒம்பதாம் பக்கமும் சரின்னு ஆயிடும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். மூடியவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. எழுந்து மேடத்தின் மேசை முன்னால் நின்றார். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"இந்தக் கைநாட்டு எவன்? உங்களுக்குத் தெரியும். அவன் பேரச் சொல்லுங்க, பொஸ்தகத்த விட்டுட்றேன். சொல்லலன்னா ஒரு போன் போட்டாப் போதும், அடுத்த வாரம் நீங்க அஞ்செட்டியில."

"அஞ்செட்டியிலயும் படிக்கிறவங்க இருக்காங்கண்ணா" என்றார் மேடம். "எழுதினவர் வெலாசம் குடுக்கறது எங்க வேல இல்ல."

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேனோ என்னவோ. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அது போட்ட சத்தத்தில் எல்லோரும் பார்த்தார்கள். கிருஷ்ணப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"நான்தாங்க."

"என்னா நீ?"

"கைநாட்டு."

"கேள்விப்பட்டதே இல்லன்னியே, பாவி!"

"வெக்கமா இருந்துச்சிங்க."

பாரூர் விவசாயி சிரித்துவிட்டார். மாதையனும் சிரித்தார். கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எம் பொண்ணு நர்சிங் படிக்குது. இந்த லைப்ரரிதான். உன் பொஸ்தகத்த எடுத்துட்டு வந்து, ஒம்பதாம் பக்கத்தத் தொறந்து வெச்சிக்கினு கேக்குது. 'நீ இப்பிடித்தான் ரெண்டு வெல சொல்லுவியாப்பா?' இன்னிவரைக்கும் எம் மூஞ்சியப் பாத்து அது சரியாப் பேசல. பொஸ்தகம் இங்க இருக்கற வரைக்கும் ஊரே அப்பிடித்தான் பாக்கும்."

"அது நீங்க இல்லீங்க. உங்கள நான் சந்தையில பாத்ததே இல்ல."

"அப்ப எம் மீசைய எங்கருந்து எடுத்த?"

"எல்லாத் தரகருக்கும் அதே மீசைதாங்க."

அவர் மாதையனைப் பார்த்தார், பாஷாவைப் பார்த்தார். மறுக்க முடியவில்லை.

மேடம் எழுந்து வந்தார். "அண்ணா, புத்தகத்த எடுத்துட்டா பொண்ணு மறந்துடுமா? ஒளிச்சி வெச்சாருன்னுதான் நெனக்கும். ஏன் ரெண்டு வெல சொல்றீங்கன்னு உங்ககிட்ட ஒரு காரணம் இருக்கும் இல்ல? அத இவருகிட்ட சொல்லுங்க. இவரு வரையட்டும். அதயும் இதே தட்டுல, இது பக்கத்துலயே வெக்கறேன். பொண்ணு ரெண்டயும் படிக்கட்டும்."

கிருஷ்ணப்பா அந்த வெள்ளைத்தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சந்த நாளுக்கு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மேடத்துக்கு மாற்றல் வரவில்லை. கிருஷ்ணப்பா அந்தப் போனைப் போடவில்லை என்று பாஷா பிற்பாடு சொன்னார்.

சந்தை நாள்களில் போனேன். அவர் பேசினார், நான் வரைந்தேன். விற்றவன் வீட்டில் மாடு கறந்த அளவு வாங்கியவன் வீட்டில் கறக்காவிட்டால் சண்டை தரகர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வழியில் மாடு படுத்துக்கொண்டால் அவர்தான் கூட உட்கார வேண்டும். விற்றவனும் திட்டுவான், வாங்கியவனும் திட்டுவான். அந்த இரண்டு விலைக்கு நடுவில் இருப்பதுதான் அவர் வீட்டு அடுப்பு, மகளின் படிப்பு. எல்லாவற்றையும் வரைந்தேன். அவர் இரண்டு விலை அழுத்துகிற பக்கத்தையும் வரைந்தேன். இந்தத் தடவை மீசை நிஜமாகவே அவருடையது.

அச்சுக்குப் போகும் முன் படங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்தில் அவர் மகள். அவளும் பார்த்தாள். அந்த இரண்டு விலைப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"வேணான்னா இந்தப் பக்கத்த எடுத்துட்றேங்க" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எடுக்கணும்? நடந்தது தானே. இருக்கட்டும்" என்றார். பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூலையில் நிற்கிற மாட்டின் மேல் விரலை வைத்தார். "ஆனா ஒண்ணு. இதும் மூஞ்சியில இருக்கற சிரிப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சிடு."

"சரிங்க" என்றேன்.

குறைக்கவில்லை.